தள்ளிவிட்டால் உடனே அவுட், தொடாமல் போனால் கேட்டால்தான் அவுட்: சாஃப்ட்பாலின் இரு விதிகள்

சாஃப்ட்பாலில் பந்தை அடித்தவர் மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, கடைசியில் ஹோம் பிளேட்டையும் தொட்டால் ஒரு ரன். மூன்றாம் பேஸிலிருந்து ஓடி வந்த ரன்னர் ஹோம் பிளேட்டைத் தொட்டு ரன் எடுத்துவிட்டார். அவர் பின்னாலேயே இரண்டாம் பேஸில் இருந்தவரும் வருகிறார். பிளேட்டைக் காக்கும் ஃபீல்டரான கேட்சர் பந்தோடு காத்திருப்பதைப் பார்த்து, சற்று விலகி வளைந்து சறுக்குகிறார். பந்தோடு இருக்கும் கேட்சரின் கை அவர் மேல் பட்டால் அவுட். ஆனால் படவில்லை. அவருடைய கையும் பிளேட்டில் படவில்லை. சற்றுமுன் ரன் எடுத்தவர் இதைப் பார்த்துவிடுகிறார். "பிளேட்டைத் தொடல!" என்று கத்திக்கொண்டே, விழுந்து கிடப்பவரின் தோளைப் பிடித்துப் பிளேட் பக்கம் தள்ளுகிறார். அவரும் கையை நீட்டித் தொட்டுவிடுகிறார்.

இந்த ரன் செல்லாது. தோளைப் பிடித்துத் தள்ளிய அந்தக் கணத்திலேயே அவர் அவுட். ஃபீல்டிங் அணியில் ஒருவரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

அதே ஆட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். யாரும் தள்ளவில்லை. விழுந்தவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அணியினர் உட்காரும் டக்-அவுட்டுக்குள் போய்விடுகிறார். கேட்சர் பந்தை பிட்சரிடம் கொடுக்கிறார், பிட்சர் அடுத்த பந்தை வீசுகிறார். இப்போது ரன் செல்லும். பிளேட்டைத் தொடவில்லை என்பதை அம்பயர் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்திருந்தாலும் செல்லும்.

பிளேட்டைத் தொட்டவர் அவுட், தொடாதவருக்கு ரன். புதிதாக ஆட வருபவர்களுக்கு இது அநியாயமாகப் படும். இங்கே வேலை செய்வது இரண்டு தனித்தனி விதிகள். ஒன்று, ரன்னருக்கு உடலால் உதவுவது. அதை அம்பயர் தானாகவே அறிவிக்க வேண்டும். மற்றது, பேஸைத் தொடாமல் போவது. அதை ஃபீல்டிங் அணி கேட்டால்தான் அம்பயர் அறிவிக்கலாம். யார் முதலில் பேச வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், மைதானத்தில் வரும் சண்டைகளில் பாதி வராது.

கீழே சொல்வதெல்லாம் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பின் விதிநூலை ஒட்டியது. 2017-க்கு முன் அமெச்சூர் சாஃப்ட்பால் அசோசியேஷன் என்று அழைக்கப்பட்ட அமைப்பு அது. பள்ளி, கல்லூரி, உலகக் கூட்டமைப்பு ஆகியவற்றின் விதிநூல்களும் அடிப்படையில் இதே வழியில் போகின்றன. சில நுணுக்கங்களில் வேறுபடுவதால், உங்கள் போட்டி எந்த விதிநூலில் நடக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

உடலால் உதவுவது

விதி சுருக்கமானது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது, இன்னொரு ரன்னரைத் தவிர வேறு யார் ஒரு ரன்னருக்கு உடலால் உதவினாலும், உதவி பெற்ற ரன்னர் அவுட். உதவியவருக்குத் தண்டனை இல்லை, பெற்றவருக்குத்தான். இந்த ஒரு வாக்கியத்தில் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, யார் உதவினார் என்பது. பேஸ்பால் தெரிந்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பெரிய லீக் பேஸ்பாலில் இந்த விதி முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நிற்கும் கோச்சுகளைப் பற்றித்தான் பேசுகிறது. சாஃப்ட்பாலில் வட்டம் பெரிது. கோச், டக்-அவுட்டிலிருந்து ஓடி வந்த சக ஆட்டக்காரர், அடுத்து பேட் செய்யக் காத்திருப்பவர் எல்லோரும் அடக்கம். ஏற்கெனவே ரன் எடுத்தவரும், ஏற்கெனவே அவுட் ஆனவரும் இதில் சேருவார்கள். ரன் எடுத்த நொடியிலேயே ஒருவர் ரன்னர் என்ற தகுதியை இழந்துவிடுகிறார். முதல் காட்சியில் தோளைத் தள்ளியவர் அதனால்தான் மாட்டினார். அவருடைய மனதில் அவர் இன்னும் ஓட்டத்தில் இருக்கிறார், விதியின் கணக்கில் வெளியாள்.

மறுபக்கம், இன்னும் பேஸ்களில் இருக்கும் ஒரு ரன்னர் இன்னொரு ரன்னருக்கு உதவலாம். ஒரு பேஸில் ஒருவர்தான் நிற்கலாம். இரண்டு பேர் மூன்றாம் பேஸில் வந்து சேர்ந்துவிட்டார்கள், முன்னவர் பின்னவரை "திரும்பி ஓடு" என்று இரண்டாம் பேஸ் பக்கம் தள்ளிவிடுகிறார் என்றால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்தத் தள்ளுமுள்ளில் பின்னவர் முன்னவரைத் தாண்டிப் போய்விடக் கூடாது. முன்னால் இருப்பவரைத் தாண்டினால் தாண்டியவர் அவுட். அது வேறொரு விதி.

இரண்டாவது, எது உதவி என்பது. தொடுவதெல்லாம் உதவியாகாது. வேலிக்கு வெளியே அடித்துவிட்டு மூன்றாம் பேஸைச் சுற்றி வருபவரின் கையில் கோச் தட்டுவது, முதுகில் ஒரு தட்டு தட்டுவது, ஓட்டத்தில் தோள் லேசாக உரசுவது இவையெல்லாம் கணக்கில் வராது. ரன்னர் தானாகச் செய்ய முடியாத ஒன்றை, அல்லது தானாகச் செய்யும் ஒன்றை இன்னும் வேகமாக, அந்தத் தொடுகை செய்ய வைத்ததா என்று அம்பயர் பார்ப்பார். மூன்றாம் பேஸைத் தாண்டி வேகமாகப் போகிறவரை இடுப்பில் கை போட்டு நிறுத்துவது, தடுமாறி விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிப்பது, விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது, பேஸை நோக்கித் தள்ளுவது எல்லாமே உதவிதான். வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், கையைக் காட்டலாம், தரையில் முழங்காலிட்டு "சறுக்கு" என்று சைகை செய்யலாம்.

நடுவில் ஒரு சாம்பல் நிறப் பகுதி உண்டு. கோச் ஓடுபாதைக்கு மிக அருகில் நின்று இரண்டு கைகளையும் விரித்து "நில்" என்கிறார். ரன்னர் நிறுத்த முடியாமல் அவர் மேலேயே வந்து மோதி நின்றுவிடுகிறார். கோச் பிடிக்கவில்லைதான், ஆனால் அவர் உடல்தான் ரன்னரை நிறுத்தியது. இதில் தீர்ப்பு அம்பயரின் கண்ணில் இருக்கிறது. ரன்னர் மோதி அப்படியே நின்று உடனே பேஸுக்குத் திரும்பினால், பெரும்பாலும் அவுட் என்றே வரும். தடுக்க ஒரே வழி, ரன்னர் நெருங்க நெருங்கக் கோச் பின்னால் போய்க்கொண்டே இருப்பது. அனுபவமுள்ள மூன்றாம் பேஸ் கோச்சுகள் நிறுத்தச் சொல்லும்போது ஹோம் பிளேட் பக்கமாகச் சில அடிகள் நகர்ந்து நின்று சைகை காட்டுவது இதனால்தான். ரன்னருக்கு முன்கூட்டியே தெரிகிறது, இடைவெளியும் கிடைக்கிறது.

மூன்றாவது, பந்து ஆட்டத்தில் இருக்கிறதா என்பது. பந்து வேலியைத் தாண்டிய ஹோம் ரன்னிலும், எறிந்த பந்து மைதானத்துக்கு வெளியே போய் ரன்னர்களுக்கு பேஸ்கள் வழங்கப்படும்போதும் பந்து டெட், அதாவது ஆட்டம் நின்றுவிட்டது. அப்போது இந்த விதி வேலை செய்யாது. ஆனால் பிட்சர் கையில் பந்து இருக்கிறது, எல்லோரும் நின்றுவிட்டார்கள் என்பதால் மட்டும் பந்து டெட் ஆகிவிடாது. அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி டைம் சொல்லும்வரை பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது. பேஸுக்குச் சில அடி தள்ளி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிறுமிக்குக் கோச் அனிச்சையாகக் கை கொடுத்துத் தூக்குவார். நல்ல மனசோடு செய்கிற அந்தக் காரியம் அந்தச் சிறுமியை அவுட் ஆக்கிவிடலாம். முதலில் "டைம்" கேளுங்கள், அம்பயர் கொடுத்த பிறகு கை கொடுங்கள்.

நான்காவதாக, விதியில் இல்லாத ஒன்று. அந்த ரன்னரை அவுட் ஆக்க ஃபீல்டிங் அணி அப்போது முயன்றுகொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. பந்து அவுட்ஃபீல்டின் மூலையில் உருண்டுகொண்டிருந்தாலும், கோச் பிடித்து நிறுத்தினால் அவுட்தான். "அங்கே பந்தே வரலையே" என்ற வாதம் எடுபடாது.

அவுட் அறிவித்த பிறகும் பந்து ஆட்டத்திலேயே இருக்கிறது. மற்ற ரன்னர்கள் ஓடலாம், ஃபீல்டிங் அணி அவர்களை அவுட் ஆக்கலாம். அதனால் அம்பயர் கையை நீட்டி, யார் அவுட் என்பதை உரக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அவுட் ஆனவர் தெரியாமல் ஓடிக்கொண்டே இருப்பதும், ஃபீல்டர்கள் அவரைத் துரத்திப் பந்தை வீணாக்குவதும், இந்த அறிவிப்பு மெதுவாக வரும்போது நடப்பவை.

எல்லன்ஸ்பர்க், 2008

இந்த விதியைப் பற்றிப் பேசும் எவரும் ஓர் ஆட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2008 ஏப்ரல் 26, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்லன்ஸ்பர்க் நகரம். வெஸ்டர்ன் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் சாரா டச்சோல்ஸ்கி, பேஸ்களில் இரண்டு பேர் இருக்கும்போது பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். அதுதான் அவருடைய முதல் ஹோம் ரன். பரபரப்பில் முதல் பேஸைத் தொடாமல் தாண்டிவிட்டார். தவறை உணர்ந்து திரும்பியபோது முழங்கால் மடங்கி, தசைநார் கிழிந்து விழுந்தார். ஊர்ந்து முதல் பேஸைத் தொட்டார். அதற்கு மேல் நகர முடியவில்லை.

சொந்த அணியினர் யாராவது தொட்டால் அவுட் என்றும், மாற்று ஆட்டக்காரர் வந்தால் ஹோம் ரன் போய் இரண்டு ரன்கள் மட்டுமே எஞ்சும் என்றும் அம்பயர்கள் சொன்னார்கள். அப்போது எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மல்லொரி ஹோல்ட்மன், "நாங்கள் தூக்கிப் போகலாமா?" என்று கேட்டார். ஹோல்ட்மனும் லிஸ் வாலஸும் அவரைத் தூக்கி, ஒவ்வொரு பேஸிலும் அவருடைய நல்ல காலை இறக்கித் தொட வைத்து, ஹோம் வரை கொண்டுபோனார்கள். வெஸ்டர்ன் ஆரிகன் 4-2 என்று வென்றது.

அந்த மனிதநேயத்துக்கு ஈடில்லை. விதியைப் படிக்கிறவர்கள் இதனோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்று ஆட்டக்காரரைப் பற்றி அம்பயர்கள் அன்று சொன்னது சரியல்ல. கல்லூரி விதிநூலில் அப்போதே இதற்கு வழி இருந்தது. வழங்கப்பட்ட பேஸுக்குப் போக முடியாத அளவுக்கு ரன்னருக்குக் காயம் பட்டால் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம். அவர் மீதி பேஸ்களைத் தொட்டு வந்தால் ஹோம் ரன் ஹோம் ரன்னாகவே நிற்கும். யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதியும் அதையேதான் சொல்கிறது. காயம்பட்டவர் விட்டுப்போன பேஸ் ஏதாவது இருந்தால், மாற்று ஆட்டக்காரர் அதையும் தொட வேண்டும்.

பேஸை விட்டால்

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு அப்பீல் புதிதல்ல. ஃபீல்டிங் அணி கேட்காமல் அம்பயர் பேட்டரை அவுட் கொடுக்க மாட்டார். ஆனால் ஓடும்போது மட்டை கோட்டை எட்டாவிட்டால், அந்த ரன்னைக் கிரிக்கெட் அம்பயர் தானாகவே குறைத்துவிடுவார். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு சாஃப்ட்பால் அம்பயரின் மௌனம் விசித்திரமாக இருக்கும். இங்கே, ஒரு பேஸைத் தாண்டிப் போன ரன்னர் அதைத் தொட்டுவிட்டதாகவே கொள்ளப்படுகிறார். ஃபீல்டிங் அணி சுட்டிக்காட்டும்வரை அந்த அனுமானம் நிற்கும். அம்பயர் பார்க்கிறார், நினைவில் வைத்துக்கொள்கிறார், முகத்தில்கூடக் காட்டக் கூடாது. விட்டுப்போன பேஸையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும் அம்பயர், ஒரு வார்த்தை பேசாமலே ஒரு அணிக்குத் துப்புக் கொடுத்தவராகிறார்.

ஹோம் பிளேட்டில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. ரன்னர் பிளேட்டைத் தொடவில்லை, கேட்சரும் ரன்னரைத் தொடவில்லை என்றால், அம்பயர் ஒரு கணம் பொறுக்க வேண்டும். யாரும் தொடர்ந்து முயலவில்லை என்றால் "சேஃப்" என்று கையை விரிக்க வேண்டும். இந்த "சேஃப்" எத்தனையோ கேட்சர்களை ஏமாற்றியிருக்கிறது. பிளேட்டைத் தொட்டுவிட்டார் என்று அது சொல்லவில்லை. பந்துக்கு முன்னால் பிளேட்டைக் கடந்துவிட்டார் என்பதே அதன் பொருள். சந்தேகம் இருந்தால் கேட்சர் பந்தோடு பிளேட்டைத் தொட்டு, அல்லது ரன்னரைத் தொட்டு, "தொடலை" என்று சொல்ல வேண்டும். அப்போது அம்பயர் தீர்ப்புச் சொல்வார்.

அப்பீல் செய்தால்தான் அவுட் என்று இருக்கும் தவறுகளில் முக்கியமானவை நான்கு: பேஸைத் தொடாமல் போவது, உயரே வந்த பந்து ஃபீல்டர் கையில் படும் முன்பே பேஸை விட்டு ஓடுவது, முதல் பேஸைத் தாண்டிய பிறகு இரண்டாம் பேஸுக்குப் போக முயன்றுவிட்டுத் திரும்புவது, வரிசை மாறி பேட் செய்வது. இங்கே முதலாவதைத்தான் விரிவாகப் பார்க்கிறோம். இரண்டாவது அடிக்கடி கூடவே வரும்.

ரன்னர் தன் தவறைத் திருத்திக்கொள்ளலாம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது, வந்த வழியே பேஸ்களைத் தலைகீழ் வரிசையில் தொட்டுத் திரும்பி, விட்டதைத் தொட வேண்டும். இரண்டாம் பேஸை விட்டுவிட்டு மூன்றாம் பேஸைத் தாண்டியவர், மைதானத்தின் குறுக்கே இரண்டாம் பேஸுக்கு ஓட முடியாது. மூன்றாம் பேஸை மறுபடி தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இந்த வாய்ப்பு மூன்று இடங்களில் மூடிவிடும்: பின்னால் வந்த ரன்னர் ரன் எடுத்துவிட்டால், ரன்னர் ஆடுகளத்தை விட்டு வெளியேறிவிட்டால், அல்லது விட்ட பேஸுக்கு அடுத்த பேஸையோ அதற்கு அப்பாலோ அடைந்திருக்கும்போது பந்து டெட் ஆகிவிட்டால். கடைசியாகச் சொன்னதுதான் பலரைப் பிடிக்கும். இரண்டாம் பேஸைத் தொடாமல் மூன்றாம் பேஸில் நிற்கிறார், எறிந்த பந்து வெளியே போய்விட்டது, அம்பயர் டெட் பால் அறிவித்துவிட்டார். இனி அவர் திரும்ப முடியாது. ஃபீல்டிங் அணி கவனித்திருந்தால் அவுட்.

எப்படி அப்பீல் செய்வது

இரண்டு வழிகள். ஒன்று, பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே செய்வது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன பேஸைத் தொட வேண்டும், அல்லது விட்டவரைப் பந்தால் தொட வேண்டும். கூடவே எதற்காகத் தொடுகிறோம் என்பது அம்பயருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அவுட்ஃபீல்டிலிருந்து வந்த பந்தை இரண்டாம் பேஸ் மேல் நின்றபடி ஒருவர் பிடித்தார் என்பதாலேயே அது அப்பீல் ஆகாது. "ரன்னர் இந்த பேஸைத் தொடலை" என்று வாயால் சொல்வதே பாதுகாப்பு.

இரண்டாவது வழி, பந்து டெட் ஆன பிறகு வாய்மொழியாகக் கேட்பது. இதற்குப் பந்து கையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. புதிய அணிகளுக்கு இந்த வழியைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். படிகள் இப்படிப் போகும். ரன்னர்கள் எல்லோரும் ஓடி முடிக்கட்டும். பந்து பேஸ்களைச் சுற்றியுள்ள இன்ஃபீல்டுக்குள் வரட்டும். ஓர் இன்ஃபீல்டர் அம்பயரிடம் டைம் கேட்கிறார். பிட்சரும் கேட்சரும் இன்ஃபீல்டர்கள்தான். அம்பயர் கையைத் தூக்கி டைம் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: எந்த ரன்னர், எந்த பேஸ், என்ன தவறு. "முதல் பேஸில் இருந்த ரன்னர் இரண்டாம் பேஸைத் தொடாமல் போனார், அப்பீல் செய்கிறோம்" என்பது போதும். அந்த பேஸைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்த அம்பயர் அவுட் அல்லது சேஃப் என்று சொல்வார். பள்ளி விதிநூலில் கோச்சும் கேட்கலாம்.

முதல் வழி ஏன் ஆபத்தானது? பந்தை வேகமாக வீசும் ஃபாஸ்ட்பிட்ச் ஆட்டத்தில் பிட்சர் பந்தோடு 8 அடி ஆரமுள்ள தன் வட்டத்துக்குள் நின்றால், ரன்னர்கள் முன்னாலும் பின்னாலும் விளையாட்டுக் காட்ட முடியாது. ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுத்துப் போயாக வேண்டும். அப்பீலுக்காக அவர் பந்தை இரண்டாம் பேஸுக்கு எறிந்த நொடியில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. மூன்றாம் பேஸில் நிற்பவர் ஹோமுக்கு ஓடலாம். எறிந்த பந்து தவறினால் இன்னும் மோசம். ஓர் அவுட்டைத் தேடிப் போய் ஒரு ரன்னைக் கொடுத்துவிட்டு வரும் அணிகள் உண்டு. டைம் வாங்கிய பிறகு யாரும் நகர முடியாது, எறியவும் தேவையில்லை.

வட்டத்தில் இன்னொரு பயமும் பிட்சர்களுக்கு இருக்கும்: பிட்சிங் பிளேட்டில் கால் வைத்துக்கொண்டு அப்பீல் கேட்டால் தவறான வீச்சு என்று சொல்லிவிடுவார்களோ என்று. சொல்ல மாட்டார்கள். விதியே அதை விலக்கிவைத்திருக்கிறது. அம்பயர் "ப்ளே பால்" என்று சொல்லிவிட்ட பிறகு நினைவு வந்தாலும், பந்து வீசாதவரை கேட்கலாம். அவர் மறுபடி டைம் கொடுப்பார்.

உரிமை எப்போது பறிபோகும் என்றால், அடுத்த பந்து வீசப்பட்டவுடன். அது முறையான வீச்சாக இருந்தாலும் சரி, தவறான வீச்சாக இருந்தாலும் சரி. மூன்று அவுட் விழுந்து இன்னிங்ஸின் அந்தப் பாதி முடிந்துவிட்டால், பிட்சரும் எல்லா இன்ஃபீல்டர்களும் தங்கள் இடங்களை விட்டு, டக்-அவுட்டை நோக்கி ஃபேர் பகுதியை, அதாவது இரு பக்கக் கோடுகளுக்கு உள்ளே இருக்கும் பகுதியைத் தாண்டும்வரை நேரம் இருக்கிறது. ஒரே ஓர் இன்ஃபீல்டர் உள்ளே நின்றாலும் கேட்கலாம். ஆட்டத்தின் கடைசிப் பந்தாக இருந்தால், அம்பயர்கள் மைதானத்தை விட்டுப் போகும் முன் கேட்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட அப்பீல்கள் செய்யலாம். ஆனால் ஊகித்து விளையாட இடமில்லை. "முதல் பேஸைத் தொடலை, சரி இல்லையா, அப்போ இரண்டாம் பேஸ், அதுவும் இல்லையா, மூன்றாம் பேஸ்" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவதை அம்பயர் நிறுத்தலாம். யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அதனால் பந்து தூரமாகப் போகும்போது, செய்ய வேலையில்லாத இன்ஃபீல்டர் தன் பேஸைப் பார்த்துக்கொண்டு நிற்பதை ஒரு வேலையாகவே பழக்க வேண்டும். எல்லோரும் பந்தையே வேடிக்கை பார்க்கும் அணி எந்த அப்பீலையும் வெல்லாது.

முதல் பேஸில் இரட்டை பேஸ் போட்டிருந்தால் கூடுதலாக ஒன்று. இது 15 அங்குலத்துக்கு 30 அங்குலம் அளவுள்ளது. ஃபேர் பகுதியில் வெள்ளைப் பாதி, கோட்டுக்கு வெளியே ஃபவுல் பகுதியில் வண்ணப் பாதி. முதல் பேஸில் தன்னை அவுட் ஆக்க முயலும்போது, அடித்துவிட்டு ஓடுபவர் வண்ணப் பாதியைத் தொட வேண்டும். வெள்ளையை மட்டும் தொட்டுவிட்டுப் போனால் அது பேஸைத் தொடாமல் போனதற்குச் சமம். ஆனால் அவர் முதல் பேஸுக்குத் திரும்பி வருவதற்குள் அப்பீல் செய்ய வேண்டும். பந்து அவுட்ஃபீல்டில் கிடக்கிறது, முதல் பேஸில் அவரை அவுட் ஆக்கும் முயற்சியே இல்லை என்றால் எந்தப் பாதியைத் தொட்டாலும் சரி.

ரன் கணக்கு மாறும் இடம்

ஓர் அப்பீல் அவுட் எத்தனை ரன்களை அழிக்கும் என்பதில்தான் கடும் வாக்குவாதம் வரும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். மூன்று பேஸ்களிலும் ரன்னர்கள். அடித்த பந்து அவுட்ஃபீல்டர்களைத் தாண்டி உருண்டு ஓடுகிறது. நான்கு பேரும் ஹோமுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் முதல் பேஸில் இருந்தவர் இரண்டாம் பேஸைத் தொடவில்லை. ஃபீல்டிங் அணி அப்பீல் செய்கிறது, அம்பயர் ஏற்கிறார்.

அதற்கு முன் ஓர் அவுட் இருந்தது என்றால், இது இரண்டாவது அவுட். விட்டவருடைய ரன் மட்டும் போகும். மற்ற மூன்றும் நிற்கும்.

இரண்டு அவுட் இருந்தது என்றால், இது மூன்றாவது அவுட். இப்போது ஒரு ரன்கூட இல்லை. காரணம், பேட்டர் அடித்துவிட்டு ஓடியதால் முதல் பேஸில் இருந்தவர் இரண்டாம் பேஸுக்குப் போயே ஆக வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். அப்படிக் கட்டாயமாகப் போக வேண்டிய பேஸில் மூன்றாவது அவுட் விழுந்தால், அது அப்பீலால் வந்திருந்தாலும், அந்த ஆட்டத்தில் எடுத்த எந்த ரன்னும் செல்லாது. அடித்தவர் முதல் பேஸைத் தொடாமல் போய் அதற்கான அப்பீலில் மூன்றாவது அவுட் விழுந்தாலும் இதே கதி.

இனி, இரண்டு அவுட், இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் மட்டும் ரன்னர்கள். முதல் பேஸ் காலி. மூன்று பேரும் ஹோமுக்கு வருகிறார்கள், இரண்டாம் பேஸில் இருந்தவர் மூன்றாம் பேஸைத் தொடவில்லை. முதல் பேஸில் யாரும் இல்லாததால் அவருக்குக் கட்டாயம் இல்லை. அப்பீலில் அவர் மூன்றாவது அவுட் ஆகிறார். அவருக்கு முன்னால் ஹோமைத் தொட்டவரின் ரன் நிற்கும். அவருடைய ரன் போகும். அவருக்குப் பின்னால் வந்த பேட்டரின் ரன்னும் போகும், ஏனென்றால் முன்னால் இருப்பவர் மூன்றாவது அவுட் ஆனபின் பின்னால் வந்தவர் ரன் எடுக்க முடியாது. முதல் ஆட்டத்தில் நான்கும் போயின, இங்கே மூன்றில் ஒன்று தப்பியது.

பந்து பிடிபடும் முன்பே பேஸை விட்டு ஓடியவரின் அவுட்டும் கட்டாய அவுட் அல்ல. பலர் கட்டாய அவுட் என்றே நினைக்கிறார்கள், ஃபீல்டர் பேஸைத் தொடுவது ஒன்றுபோலத் தெரிவதால். ஓர் அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ரன்னர்கள். உயரே அடித்த பந்து பிடிபடுகிறது, இரண்டு அவுட். மூன்றாம் பேஸில் இருந்தவர் முறையாகக் காத்திருந்து ஹோமுக்கு ஓடுகிறார். முதல் பேஸில் இருந்தவர் முன்பே கிளம்பிவிட்டார். பந்து முதல் பேஸுக்கு வந்து அப்பீல் ஆவதற்குள் முன்னவர் ஹோமைத் தொட்டுவிட்டால் அந்த ரன் செல்லும். பந்து முந்தினால் செல்லாது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே செய்யும் அப்பீல் ஒரு ரன்னைக் காப்பாற்றக்கூடிய இடம் இது. டைம் வாங்கிப் பொறுமையாகக் கேட்டால் அவுட் கிடைக்கும், ஆனால் ரன் ஏற்கெனவே போயிருக்கும்.

உடலால் உதவியதற்கான அவுட்டும் கட்டாய அவுட் அல்ல. முதல் காட்சிக்கே திரும்புவோம். அதற்கு முன் இரண்டு அவுட் என்று வைத்துக்கொண்டால், தள்ளப்பட்டவர் மூன்றாவது அவுட். அடித்தவர் முதல் பேஸைச் சேர்ந்திருக்கிறார் என்றால், தள்ளியவர் முன்பே எடுத்த ரன் நிற்கும். தானும் சேர்ந்து இரண்டு ரன் என்று நினைத்தவருக்குக் கிடைப்பது ஒன்றுதான். அவர் வெறுமனே "திரும்பித் தொடு" என்று கத்தியிருந்தால், கேட்சர் முந்திக்கொள்ளாதவரை இரண்டும் கிடைத்திருக்கும்.

கடைசியாக, நான்காவது அவுட். இப்படியொன்று உண்டு என்று கேட்டதும் பலர் நம்புவதில்லை. இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஒரு ரன்னர். அடித்தவர் முதல் பேஸைத் தொட்டு, இரண்டாம் பேஸுக்குப் போக முயன்று பந்தால் தொடப்பட்டு அவுட் ஆகிறார். அதற்குள் மூன்றாம் பேஸ் ரன்னர் ஹோமைக் கடந்துவிட்டார், ஆனால் பிளேட்டைத் தொடவில்லை. மூன்று அவுட் ஆகிவிட்டது, ஃபீல்டர்கள் சந்தோஷமாக வெளியே ஓடத் தொடங்குகிறார்கள். அவர்கள் அப்படியே போய்விட்டால் ரன் எதிரணிக்கு. யாராவது ஓர் இன்ஃபீல்டர் ஃபேர் பகுதிக்குள் நிற்கும்போதே கேட்சர் "பிளேட்டைத் தொடலை" என்று அப்பீல் செய்தால், அம்பயர் அதை ஏற்று அந்த ரன்னை நீக்குவார். யுஎஸ்ஏ சாஃப்ட்பாலில் இந்த நான்காவது அவுட், ரன் எடுத்த ஒருவர் மீது மட்டுமே கேட்கப்படலாம். அந்த ரன்னை அழிப்பது தவிர அதற்கு வேறு பயன் இல்லை. அதனால் மூன்றாவது அவுட் விழுந்ததும், கேட்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோட்டைத் தாண்டும்படி இன்ஃபீல்டர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.